லாம்பர்ட் துரையின் ஜப்பான் பீப்பாய்

உலகத்திலேயே உயர்ந்த மாட்டிறைச்சி ஜப்பான் தேசத்தில் பிறக்கிறது. ஆனால் அது மோட்சம் அடைவது சோழமண்டலக் கரையின் மாநகரமாகிய பழவேற்காட்டில், லாம்பர்ட் துரையின் சாப்பாட்டு மேசையில் மட்டுமே.

இப்படிச் சொன்னவர் அந்த ஊர் டச்சுக் கோட்டையின் அதிகாரி லாம்பர்ட் துரைதான். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மசூலிப்பட்டணத்தில் தேடாதீர்கள், அங்கே எருமையைப் போடுவார்கள். நாகப்பட்டினத்தில் தேடாதீர்கள், அங்கே பொய் சொல்வார்கள். ஜப்பான் பிரபு ஒருவர் எனக்கு மட்டும் வருடம் ஒரு பீப்பாய் அனுப்புகிறார். கத்தி வேண்டாம், உற்றுப் பார்த்தாலே துண்டாகும்!"

முதல் வருடம் அந்தக் கப்பலைப் புயல் கொண்டுபோயிற்று. மறு வருடம் பீப்பாயை மாலுமிகளே தின்றுவிட்டார்கள். இந்த வருடம் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து அவருடைய மேலதிகாரி பெரிய துரையே மனைவியோடு வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாகக் கப்பலும் வந்து இரண்டு நாளாக முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. முதல் நாள் இரவே லாம்பர்ட் துரை, கப்பல் தலைவனுக்குப் பரிசு என்று ஒரு பெரிய சாமானோடு அங்கே போய்வந்திருந்தார்.

பீப்பாயைக் கரைக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

கோட்டைக்குச் சரக்கு இறக்கும் படகுக்காரர்கள் இரண்டு பேர். ரங்கன் பதினைந்து வருடத்தில் ஒரு கொட்டைப்பாக்கைக்கூடத் தொலைத்ததில்லை. சந்தியாகு எதையாவது தொலைக்காமல் கரை வந்ததில்லை. நடைக்கு ஒரு உருப்படி முகத்துவாரத்தில் விழும். "அலை புடுங்கிக்கிச்சு சாமி" என்பான். அந்த அலைக்கு ஜாதிக்காய் மூட்டை எது, செங்கல் எது என்று தொட்டுப் பார்க்காமலே தெரியும். நீர் வற்றியதும் குப்பத்து ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அலை பிடுங்கியதை எடுத்துக்கொள்வார்கள்.

லாம்பர்ட் துரை சந்தியாகுவைக் கூப்பிட்டனுப்பினார்.

துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி தெய்வசிகாமணிக்குத் தலை சுற்றியது. "ரங்கன் இருக்கிறானே, துரையவர்களே" என்று மெல்ல நினைவுபடுத்தினார்.

"சந்தியாகுதான்" என்றார் துரை. திருடனையும் நம்புகிற பெருந்தன்மை என்று பெரிய துரை மெச்சிக்கொண்டார். மெச்சி முடிப்பதற்குள் லாம்பர்ட் துரை மேசையைக் குத்தி, ஊரே கேட்கும்படி கர்ஜித்தார். துபாஷி அதைத் தமிழில் இறக்கினார்.

"டேய், பீப்பாய் தண்ணியில விழுந்துச்சுன்னா உன் படகைக் கரையில போட்டுக் கொளுத்திடுவாராம்."

"அலைக்கு நான் இன்னா சாமி பண்ணுவேன்?"

"அலைகிட்டயும் சொல்லி வை."

சந்தியாகுவுக்குச் சொத்து என்று இருந்தது, பலகைகளைக் கயிற்றால் தைத்த அந்தத் தையல் படகு ஒன்றுதான். அது போனால் ரங்கனிடம் துடுப்புப் போடப் போக வேண்டும். அதற்கு, தானே முகத்துவாரத்தில் விழலாம்.

வெளியே அவன் பெண்சாதி பிலோமினா நின்றிருந்தாள். துரை வீட்டுச் சமையல்காரி.

"இன்னாயா, நம்ம வூட்டுக்கும் மசாலா அரைச்சு வெக்கட்டா?" என்று கண்ணடித்தாள்.

"சும்மா இருடி. படகு போயிடும்."

"அட, நீ ஒயுங்கா கொண்டாருவேன்னு துரையே நம்பலைய்யா. கறிக்குச் சட்டி எடுக்கவே சொல்லல. பன்னண்டு கோழி அறுக்கச் சொல்லிட்டாரு."

சந்தியாகுவுக்குச் சுருக்கென்றது. அவன் திருடன் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக, திருடுவதற்கு முன்பே கோழி அறுப்பதா?

பெரிய துரை கோட்டை மதில்மேல் நின்று தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். கப்பலிலிருந்து பீப்பாய் கயிற்றில் இறங்கியது. படகு திரும்பியது. கரையோரம் குப்பத்து ஆட்கள் எட்டுப் பேர், வலை காயப்போடுகிற பாவனையில், வலையே இல்லாமல் நின்றார்கள்.

முகத்துவாரத்தில் அலை எழும்பியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. லாம்பர்ட் துரை மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இதாண்ணே எடம். தள்ளு" என்றான் பின்துடுப்பில் இருந்த தருமன்.

சந்தியாகு கயிற்றை எடுத்தான். பீப்பாயைச் சுற்றி இறுக்கி, மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்தான்.

"இது போனா நானும் போறேன். துடுப்பைப் போடுடா, பேமானி!"

அரை நாழிகையில் பீப்பாய் விருந்து மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. சந்தியாகு தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். பீப்பாய் காய்ந்திருந்தது.

லாம்பர்ட் துரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மனம் நெகிழ்ந்துவிட்டார் என்று பெரிய துரையின் மனைவி கைக்குட்டையை நீட்டினாள்.

"உப்புத் தண்ணீர் பட்டிருக்கும்" என்றார் துரை. "ஒரு வாரம் ஆறப்போட வேண்டும்."

துபாஷி சொன்னதும் சந்தியாகு பதறிப்போனான். "ஒரு சொட்டு படல சாமி! இப்பவே தொறந்து பாக்கச் சொல்லு. நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னு படகைக் கொளுத்தினா நான் எங்க போவேன்?"

"நியாயம்தான்" என்றார் பெரிய துரை. "கப்பலைவிட்டு இறங்கியது முதல் நான் கண்ணை எடுக்கவில்லை. இவன் மூடியைத் தொடக்கூட இல்லை. திறவுங்கள்."

சுத்தியல் வந்தது. நாலு அடியில் மூடி கழன்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பீப்பாய் நிறைய மணல் இருந்தது. மணலோடு மணலாக, லாம்பர்ட் துரை வீட்டுக் கொல்லையில் பிலோமினா அன்றாடம் கொட்டுகிற முட்டை ஓடுகளும் இருந்தன.