கூர்முனைப் பெட்டி

கைநிறைய அள்ளி வந்த ஸ்க்ரூக்களைக் கடை மேஜைமேல் வீசியடித்தார் கிருபாசங்கர். ஒன்று தெறித்து, உள்ளே உட்கார்ந்திருந்த பொற்கொடியின் மடியில் விழுந்தது.

"ஏனுங்க, மட்டச் சரக்க எந்தலைல கட்டிப்போட்டீங்களே! நேத்து ஆடிக் காத்துல எங்கூட்டுக் கார் ஷெட்டுக் கூரை பிச்சுக்கிட்டுப் போயி, புதுக் கார்மேல உழுந்து கெடக்குதுங்க!"

கோபம் தலைக்கேறியும் அவர் வாயிலிருந்து 'ங்க' மட்டும் விடைபெறவில்லை. வாங்கி மூன்றே வாரமான கார்.

"எல்லாருங் கேட்டுக்கங்க, இந்தக் கடைல ஒரு ஆணிகூட வாங்கிப்போடாதீங்க!" என்று நின்றிருந்தவர்களிடம் திரும்பிக் கத்தினார்.

பதினைந்து வருடமாக அந்த ஹார்டுவேர் கடையை நடத்தும் பொற்கொடிக்குச் சுருக்கென்றது. மடியில் கிடந்த ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்க ஷெட்டுக்கு அடில மரச்சட்டமுங்களா?"

"இரும்பு பைப்பு!"

"அப்பறம் எப்படிங்க நிக்கும்? முனையப் பாருங்க, ஊசியாட்டம் கூரு. மரையும் அகல அகலமா ஓடுது. இது மரத்தக் கவ்வறதுக்கு. பைப்புல ஓட்டை போட்டு முறுக்குனாலும் காத்தடிச்சாக் கழண்டுக்கும். இரும்புக்குன்னா முனை டிரில் பிட்டாட்டம் இருக்கோணும், மரை நெருக்கமா இருக்கோணும். தலையும் வாசரும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். மாட்டிப்போட்டா மேல இருந்து பாக்கறவங்களுக்கு ஒண்ணுந் தெரியாது."

"எனக்கே பாடமுங்களா? இருவது வருசமாக் காண்ட்ராக்ட் எடுக்கறேன்!"

"தெரிஞ்சுதானுங்க ரெண்டு பெட்டி வாங்குனீங்க. ஒண்ணு டிரில் முனை, ஒண்ணு பாதி வெலைக்குக் கூர்முனை. கூர்முனை இரும்புக்கு ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னனுங்க. 'அது வேற எடத்துக்கு, நீங்க குடுங்க'ன்னீங்க."

கிருபாசங்கருக்கு வந்த கோபம் எங்காவது இறங்கியாக வேண்டுமே. சாட்சிக்கென்று கூட்டி வந்து வாசலில் நிறுத்தியிருந்த ஃபிட்டர் ராமுலுவின் தோளைப் பிடித்துக் கடை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ராமுலு பன்னிரண்டு வருடமாக அவரிடம் கூரை போடுகிறவர். முனையைப் பார்க்காமல் ஒரு ஸ்க்ரூ மாட்டமாட்டார் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவரே கிருபாசங்கர்தான். இன்று அதெல்லாம் மறந்துபோயிற்று. ராமுலுவிடம் பேச 'ங்க'வும் தேவைப்படவில்லை.

"எந்தப் பொட்டி எங்கன்னு சாக்பீஸ்ல எழுதித்தானடா குடுத்தேன்? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நல்லாத் தெரிஞ்சுதுங்க."

"அப்பறம் எப்படிடா மாறுச்சு?" பொற்கொடி காதில் விழுந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பல்லைக் கடித்தார். "கூர்முனைய நாம காண்ட்ராக்ட் எடுத்த அந்த ஸ்கூல் வகுப்போட பைப்புக் கூரைக்குத்தானே போடச் சொன்னேன்? நேத்தடிச்ச காத்துக்கு அது அலுங்காம நிக்குது, எங்கூட்டு ஷெட்டு பறக்குது!"

ராமுலு குனிந்து, தரையில் உருண்டு கிடந்த ஒரு ஸ்க்ரூவைப் பொறுக்கினார். அதை முதலாளியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த வகுப்புலதானுங்க எம்பட பொண்ணு படிக்குது."