நாலடித் தண்ணீர்

“ஆறடி! நேரா விடு, ஹெட்லி, நேரா!”

படகின் முன்முனையில் மண்டியிட்டபடி, அடிக்கொரு வண்ண வளையம் போட்ட கழியைத் தண்ணீரில் குத்தி எடுத்தாள் லெட்டிஸ். பின்னால் சுக்கானைப் பிடித்திருந்த அவள் கணவர் ஹெட்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. அன்றைக்கு முகத்தைப் பார்த்தவர்கள் எட்டு வயது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எஸெக்ஸ் கரையில் ஓடைகளுக்கும் பஞ்சமில்லை, சேற்றுக்கும் பஞ்சமில்லை. காலையில் ஆற்றில் பாய் விரித்தவர்கள், கடல்நீர் ஏறும் நேரம் பார்த்து பென்னிமார்ஷ் ஓடைக்குள் நுழைந்திருந்தார்கள். வழி காட்ட நட்டிருந்த குச்சிகளைக் குளிர்காலப் புயல் கொண்டுபோய்விட்டது. இனி கழிதான் கண். ஆழம் காட்டும் கருவி வாங்கலாமே என்றால் ஹெட்லிக்குப் பொல்லாத கோபம் வரும்.

“பந்தயம் ஞாபகம் இருக்கா, கேப்டன்?”

“இருக்கு, மகாராணி! இன்னைக்கு ஒரே ஒரு தடவை சேறு தட்டினாலும் படகை வித்துடுறேன். லீவுக்கு உங்க அக்கா இருக்கிற மலைக்கே வந்து ஆடு மேய்க்கிறேன்.”

“தட்டாம துறைக்குப் போயிட்டா, விக்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். சத்தியம்!”

“போன வருஷம் அஞ்சு தடவை சேத்துல உக்காந்து தவம் கிடந்தேனே, அது வீண் போகுமா?”

காற்று பாயை நிரப்பியது. படகு ஒருபக்கம் சாய்ந்து பறந்தது. தேநீர்க் குடுவை உருண்டது. ரொட்டிப் பொட்டலத்தின் மேல் தண்ணீர் அடித்தது. யாருக்கு அதெல்லாம் கவலை!

“அஞ்சடி!” என்று கூவினாள் லெட்டிஸ்.

படகு மிதக்க மூன்றரை அடி வேண்டும். அதற்குக் கீழே போனால் சேறுதான். எதிரே ஓடை குறுகி வளைந்தது. போன வருஷம் இரண்டு தடவை மாட்டிக்கொண்ட அதே வளைவு.

“என்ன ஆழம்? சீக்கிரம் சொல்லு! திருப்பவா?”

“நாலடி! திருப்பாதே, நேரா போ!”

“நிச்சயமா?”

“நாலுன்னா நாலு! உனக்குப் பயமா இருந்தா சுக்கானை என்கிட்ட குடு!”

ஹெட்லி பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே விட்டார். லெட்டிஸ் பாய்மரக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் தட்டவில்லை. படகு வழுக்கிக்கொண்டு வளைவைத் தாண்டியது. துறையும், அதன் மேலே மதுக்கடையின் சிவப்பு ஓடும் தெரிந்தன.

“வந்துட்டோம்! தட்டவே இல்லை!” ஹெட்லி தொப்பியைத் தூக்கி எறிந்தார். அது ஓடையில் விழுந்து மிதந்தது. அதற்கும் சிரித்தார். சந்தோஷத்தில் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

லெட்டிஸ் மட்டும் கழியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹெட்லி... ஒண்ணு சொல்றேன், திட்டாதே. அந்த வளைவுல தண்ணி கழியில மூணாவது வளையத்துலதான் நின்னுது. நான் நாலுன்னு பொய் சொன்னேன். வழி பூரா ஒரு அடி கூட்டித்தான் சொன்னேன். அப்புறம் எப்படித் தட்டாம வந்துச்சு?”

ஹெட்லி நிதானமாகக் கயிற்றைத் துறையில் கட்டி முடித்தார்.

“போன வருஷம் மாட்டின அஞ்சு தடவையும் இறங்கி அளந்து பார்த்தேன், கண்ணு. அஞ்சு தடவையும் நீ சொன்னதைவிடச் சரியா ஒரு அடி குறைச்சல். அதான், குளிர்காலத்துல கழிக்கு வண்ணம் அடிச்சப்போ எல்லா வளையத்தையும் ஒரு அடி மேல தள்ளிப் போட்டுட்டேன். இன்னைக்கு நீ சொன்ன ஒவ்வொரு ஆழமும் உண்மை!”