மூன்றாவது பெயர்

வேதவல்லி மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோதுதான் போனில் செய்தி வந்தது. அவள் வேலை பார்க்கும் பேட்டரி கம்பெனி பழைய கட்சியைக் கழற்றிவிட்டு எதிர்க்கட்சியோடு சேர்ந்துவிட்டது. பழைய கட்சித் தலைவர் பெயர் சூட்டிய தொழிலாளர் பிள்ளைகளுக்கெல்லாம் புதிய தலைவர் வேறு பெயர் அனுப்பியிருந்தார். பழைய பெயரைச் சொல்லும் பிள்ளைக்குக் கம்பெனிப் பள்ளியில் இடமில்லை, பெற்றவளுக்கு வேலையும் இல்லை.

“இனிமே நீ கவின்மொழி. எங்க, சொல்லு.”

“நான் முத்தெழில்மா.”

“அது நேத்தோட போச்சுடி, கூட்டணி மாறிடுச்சு. கவின்மொழி, கவின்மொழின்னு சொல்லிக்கிட்டே வா.”

ஐந்து வயதுக்குள் இது மூன்றாவது பெயர். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்த பிள்ளை, பள்ளி வாசலில் கம்பெனி அதிகாரியைக் கண்டதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி குனிந்தார். “பாப்பா, உன் பேரு என்ன?”

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி.

“சார், இப்ப யாரோட கூட்டணி?”

வேதவல்லி கண்களை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது, அதிகாரி அவசர அவசரமாகத் தன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.