மேலிடத்துக் குரல்

“சார், பொம்பளைங்க கழிப்பறைக்குக் கதவு கேட்டா மேலிடத்துக்கு எழுதிட்டேங்கிறீங்க. அந்த மேலிடம் எத்தனாவது மாடின்னு சொல்லுங்க, நாங்களே ஏறிப்போய்க் கேட்டுக்கிறோம்.”

கேட்டவர் சலூன்காரர். கேட்கப்பட்டவர் வெள்ள நிவாரண முகாமின் பொறுப்பதிகாரி. வெளியூரிலிருந்து அரசாங்க ஜீப்பில் வந்து இறங்கியவர். எதற்கும் ‘மேலிடத்துக்கு எழுதியாச்சு’ என்பதே பதில் என்பதால், அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அத்தனை குடும்பமும் அவருக்கு ‘மேலிடம்’ என்றே பெயர் வைத்திருந்தது.

“அரசாங்கம் என்னய்யா பண்ணும்? மழையை அரசாங்கமா கொட்டுச்சு?”

“மழை வானத்துது சார். சொல்லாம கொள்ளாம ஏரி மதகைத் திறந்துவிட்டது யாரு? ஒரு வார்த்தை முன்னாடியே அறிவிச்சிருந்தா கட்டின துணியோட வந்து நிப்போமா?”

பக்கத்தில் நின்ற மப்ளர் அக்கா பலமாகத் தலையாட்டினாள். வெள்ளத்தில் நனைந்து தொண்டை கட்டிக்கொண்டதாம். கழுத்தில் மப்ளரைச் சுற்றியவள், மேலிடத்தின் முன்னால் வாயைத் திறந்ததே இல்லை. எல்லாம் கை ஜாடைதான். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு தவிக்கும் தவிப்பை அவள் நடித்துக் காட்டியதில், சும்மா சொல்லக்கூடாது, மேலிடத்துக்கே அடிவயிறு முட்டியது.

ஆனாலும் அவர், “எழுதியாச்சும்மா” என்றார்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் இருந்த பழைய போன் அடித்தது. எடுத்த மேலிடம் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து விறைப்பாக நின்றார்.

“எஸ் மேடம்!”

“அமைச்சர் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். மாண்புமிகு அமைச்சர் அவர்கள் நாளை உங்கள் முகாமுக்குத் திடீர் வருகை தருகிறார்கள். முதலில் பெண்கள் கழிப்பறையைப் பார்வையிடுவார்கள். மீண்டும் சொல்கிறேன், முதலில் பெண்கள் கழிப்பறை. விஷயம் வெளியே கசிந்தால் நீங்களே பொறுப்பு. மீண்டும் சொல்கிறேன், நீங்களே பொறுப்பு.”

“என்ன கம்பீரம்யா அந்தக் குரல்ல! பெரிய இடத்துல எதையும் ரெண்டு தடவைதான் சொல்வாங்க போல” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்ட மேலிடம், வெளியே கசியக்கூடாத விஷயத்தைச் சலூன்காரரிடம் மட்டும் சொன்னார். அதற்குத் தண்டோரா போட்டிருக்கலாம்.

நிதி இல்லை, ஆள் இல்லை என்று அதுவரை இல்லாமலிருந்ததெல்லாம் மாலைக்குள் எங்கிருந்தோ முளைத்தது. தச்சர் வந்தார். கதவு வந்தது. தாழ்ப்பாள், வாளி, பச்சை பெயின்ட் என்று ஏக தடபுடல்.

அமைச்சர்தான் வரவில்லை. போன் வந்தது. பயணம் தள்ளிப்போயிருக்கிறதாம், வரும்போது முகாமில் டாக்டர் இருப்பதைப் பார்க்க விரும்புகிறாராம். டாக்டர் வந்தார், காய்ச்சலில் முனகிக்கிடந்த குழந்தைகளுக்கு மருந்து கிடைத்தது. பயணம் மறுபடி தள்ளிப்போனது. குடிதண்ணீர் லாரி வந்தது. இன்னும் தள்ளிப்போனது; பாயும் போர்வையும் வந்தன. ஒவ்வொரு போனையும் மேலிடம் நின்றுகொண்டேதான் பேசினார். பேசி முடித்து வெளியே வந்தால், மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கிவரும் மப்ளர் அக்கா, ‘என்னவாம்?’ என்று கையாலேயே விசாரிப்பாள்.

“சார், மினிஸ்டர் வரவே வேணாம். தேதியை மட்டும் தள்ளிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, முகாம் மாளிகையாயிடும்” என்றார் சலூன்காரர்.

“உஷ்! அந்த அம்மா காதுல விழுந்தா என் வேலை போயிடும்யா!”

தண்ணீர் வடிந்தது. சனங்கள் வீடு திரும்பினார்கள். ‘முன்மாதிரி முகாம்’ என்று மேலிடத்துக்குப் பாராட்டு வந்தது. ஜீப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவும் கூடவே வந்தது. இத்தனையும் செய்து அமைச்சர் கண்ணில் படவில்லையே என்ற ஒரே குறையோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாக அந்த ஊர் பஸ் நிலையத்துக்கு நடந்தார். நேற்றுவரை தண்ணீரில் கிடந்த பஸ் நிலையம் அன்றுதான் திறந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தலைநகர் செல்லும் பேருந்து சற்றுத் தாமதமாக வரும். மீண்டும் சொல்கிறேன், சற்றுத் தாமதமாக வரும்.”

“எஸ் மேடம்!”

துள்ளி எழுந்து விறைப்பாக நின்றவரைப் பார்த்து பஸ் நிலையமே சிரித்தது. மேலிடம் மெல்லத் தலையைத் திருப்பினார். அறிவிப்பு அறையின் கண்ணாடிக்குப் பின்னால், மைக்குக்கு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் அந்த மப்ளர் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

“சார், உக்காருங்க. பஸ் நிஜமாவே வரும்.”