பெயர் எழுதாத பட்டன்கள்

பார்வையற்ற தமயந்திக்கு அரசு வேலைத் தேர்வு எழுத அதுதான் கடைசி வருடம். அதற்கு மேல் வயது இடம் கொடுக்காது. இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். கடைசியில் இருந்த இரண்டு பட்டன்களுக்கும் அந்தத் தளத்தில் யாரும் பெயர் எழுதியிருக்கவில்லை. திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் "பட்டன், பட்டன்" என்றது. ஒன்றை அழுத்தினாள். விண்ணப்பம் ரத்தாகிவிட்டது. ஒருமுறை ரத்தானால் அந்த வருடம் மறுபடி போட முடியாது. தளத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு ஃபோன் செய்தாள். அதை நடத்தும் வைத்தீஸ்வரன், "உங்கள மாதிரி எத்தனை பேரும்மா வரப்போறீங்க?" என்று சிரித்தான்.

நான்கு வருடம் கழித்து, புதிய தளம் ஒன்றுக்குச் சான்றிதழ் கேட்டு அவன் தமயந்தியின் எதிரே வந்து உட்கார்ந்தான். பார்வையற்றவர்களுக்குத் தளங்கள் பயன்படுகின்றனவா என்று சோதிப்பது இப்போது அவள் வேலை. அவனுக்கு அவளை ஞாபகமில்லை. அவளுக்கு அந்தக் குரல் போதுமாயிருந்தது.

"இந்தத் தளத்துல நீங்களே ஒரு விண்ணப்பம் போட்டுக் காட்டுங்க சார்" என்று ஹெட்ஃபோனை நீட்டினாள். பிறகு திரையை அணைத்தாள்.

முதலில் விளையாட்டாகத் தட்டினான். போகப்போக அவன் மூச்சு கனத்தது.

"எல்லாத்தையும் பட்டன், பட்டன்னே சொல்லுது, எதை அமுக்குறதுன்னே தெரியல மேடம். ஒரு நிமிஷம் திரையைப் போடுங்களேன்."

அந்தக் கெஞ்சல் அவளுக்கு இனித்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. அவன் கை ஸ்விட்சுக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே அவள் கை இருந்தது.

"அவசரமே இல்ல சார், சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லி, நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.