ஒற்றை ஷூ

இடது காலில் ஷூ ஏறிவிட்டது. வலது காலின் விரலிடுக்கில் இன்னும் மணல்.

குழந்தைகள் காப்பகத்துப் படியில் அதிரனை மடியில் வைத்து, ஆயா வேலை பார்க்கும் அவள் ஈரத்துணியால் மறுபடி துடைத்தாள்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

தினமும் கடைசியாக வரும் வண்டி. இன்று மதியமே வந்துவிட்டது.

அதிரனின் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"எலும்பு டாக்டர் இன்னிக்கே வரச் சொல்லிட்டாருங்க. படம் எடுத்துப் பாக்கோணுமாம்."

குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது. நடக்கவில்லை. அதற்காகத்தான் இந்த ஷூ. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும், அடி தடித்த ஷூ. போட்டால் நடை வரும் என்று கடைக்காரர் சொன்னாராம். தூங்கும்போது மட்டும் கழற்றலாம் என்பது அம்மாவின் கட்டளை.

காப்பகத்திலும் அதுவே சட்டம். ஒரு குழந்தையின் பாதத்தை எறும்பு கடித்து, அதன் அப்பா வந்து கத்திவிட்டுப் போனதிலிருந்து யாரும் வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கக் கூடாது. காப்பகத்தை நடத்தும் எஸ்தர் மிஸ் அதில் கறார்.

எஸ்தர் மிஸ் மதியம் கண்ணயர்வார்.

அப்போது அவள் முற்றத்து மணலைக் கையால் துழாவி, கல்லையும் முள்ளையும் பொறுக்கி எறிவாள். பிறகு எல்லா ஷூக்களையும் கழற்றிவிடுவாள். ஆட்டம் முடிந்ததும் கழுவி, துடைத்து, மறுபடி மாட்டிவிடுவாள்.

நேற்று அதிரன் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

தொட்டியை விட்டான்.

தள்ளாடி வந்து அவள் மடியில் விழுந்தான்.

இன்று இன்னும் தூரம் வந்தான்.

சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எஸ்தர் மிஸ் சொல்லியிருந்தார். "மொத பல்லு, மொத பேச்சு, மொத நடை... நான்தான் பாத்தேன்னு முந்திக்காதே. அம்மாக்காரி மனசு ஒடஞ்சு போயிரும்."

வீட்டில் அம்மாவே பார்க்கட்டும் என்றுதான் இருந்தாள்.

ஆனால் வீட்டில் ஷூ இருக்கும். ஷூவோடு நிறுத்தினால் அவன் உடனே உட்கார்ந்துவிடுகிறான்.

ஒருவேளை தான் சரியாகப் பார்க்கவில்லையோ. சரிந்ததை நடை என்று நினைத்துக்கொண்டோமோ. இரண்டு நாளுமேவா?

"இன்னொரு ஷூ எங்கீங்க?"

அது அவள் கையில்தான் இருந்தது.

அம்மாவின் பார்வை குழந்தையின் பாதத்துக்கு இறங்கியது. நக இடுக்குகளில் மணல்.

"மண்ணுல எறக்கி உட்டீங்களா?"

கோபம்கூட இல்லை. களைப்பு.

"நிக்கவே வராத கொழந்தைங்க அது."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். எஸ்தர் மிஸ் எழுந்துவிட்டார்.

அவள் ஷூவின் பட்டையைப் பிரித்தாள். வலது பாதத்தை உள்ளே நுழைத்தாள். பாதி வரை.

நிறுத்தினாள்.

உருவினாள். இடது காலில் இருந்ததையும் கழற்றினாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மணலில் நிறுத்தினாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அம்மா புரியாமல் பின்னால் நகர்ந்தாள்.

"இன்னுங் கொஞ்சம்."

"அங்க என்ன நடக்குது?" எஸ்தர் மிஸ்ஸின் குரல் படிக்கு வந்துவிட்டது.

அவள் திரும்பவில்லை.

குழந்தையின் அக்குளிலிருந்து கைகளை மெல்ல எடுத்தாள்.