அண்ணியின் தொண்டை

"அறிவிருக்கா உங்களுக்கு? ஒயரைப் பிடுங்கிப் போட்டுட்டு பால்கனியில என்ன வேடிக்கை?"

அண்ணி போட்ட சத்தத்தில், அப்போதுதான் ஊரிலிருந்து பெட்டியோடு வந்த தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மொட்டைத் தலை முழுக்க ஒட்டிய, ஒயர் தொங்கும் வெள்ளைப் பட்டைகளோடு அண்ணன் திருதிருவென்று விழித்தார். சோபாவில் கிடந்த மெஷின் கீகீயென்று கத்திக்கொண்டிருந்தது.

அண்ணி ஒயரைச் சொருகி, மெஷின் பையை அவர் தோளில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"என்னண்ணா இது?"

"மூளைக் கட்டிக்கு மின்சாரம்மா. ஷாக்கெல்லாம் அடிக்காது. கட்டியைப் பெருக விடாம மல்லுக்கட்டும். அதுல செத்து விழுற கட்டி செல்லைப் பார்த்து, தூங்கிட்டிருக்கிற உடம்போட எதிர்ப்பு சக்தியும் முழிச்சுக்கும்னு டாக்டர் நம்புறார். அந்த சக்தியை உசுப்பிவிட ஊசி வேற. நேத்து ஸ்கேன்ல கட்டி வளரலையாம்."

தங்கைக்கு மனசு ஆறவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள்.

"முடியாத மனுஷனை இப்படியா கரிச்சுக் கொட்டுறது? கொஞ்சம் அன்பா பேசினா குறைஞ்சா போயிடுவீங்க அண்ணி?"

அண்ணி சரியென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை. மறுபடியும் கீகீ. அண்ணன் பால்கனியில்.

அண்ணி மெதுவாக வந்து ஒயரைச் சொருகினாள். "பரவாயில்லைங்க. பார்த்து இருங்க."

தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. சொல்கிற விதத்தில் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்!

அண்ணி நகர்ந்ததும் அண்ணன் தங்கையின் கையைப் பிடித்தார்.

"ஸ்கேன்ல என்ன வந்திருக்கு? மறைக்காம சொல்லு."

"வளரலைன்னு நீங்கதானே சொன்னீங்க? டாக்டர் பொய்யா சொல்வார்?"

"டாக்டரை விடு. உங்க அண்ணி இப்படிக் குழைஞ்சு பேசினது ஒரே ஒரு தடவைதான். கட்டின்னு முதல்ல தெரிஞ்ச அன்னிக்கு. மறுநாளே திட்ட ஆரம்பிச்சுட்டா, எனக்கும் தைரியம் வந்துடுச்சு. சாகப் போறவனை யாரும்மா திட்டுவாங்க?"

தங்கை சமையலறைக்கு ஓடினாள்.

"அண்ணி, தெரியாம சொல்லிட்டேன். போதும் உங்க அன்பு. ஒரு சத்தம் போடுங்க, அண்ணன் பயந்து போயிருக்கார்!"

அண்ணி அவளையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"பேட்டரி மாத்தினீங்களா இல்லையா? அதுக்கும் நானே வந்து நிக்கணுமா? எல்லாம் என் தலையெழுத்து!"

பால்கனியிலிருந்து சிரிப்போடு குரல் வந்தது.

"அப்பாடா! கட்டி வளரலை!"